தஞ்சாவூருக்குப் போன பாபநாசம் அருவி: தாமஸ் டேனியலின் வாழ்வும் ஒரு பெயர்ப்பிழையும்

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1804 முதல் 1807 வரை லண்டனில் வெளியிட்ட இருபத்து நான்கு நிலக்காட்சிப் படங்களின் வரிசையில் நம் ஊர் அருவி ஒன்று இருக்கிறது. அது பொதிகை மலையிலிருந்து தாமிரபரணி இறங்கி வரும் பாபநாசம் அருவி. ஆனால் அந்தப் படத்துக்கு அவர்கள் கொடுத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'பப்பனாசம் அருவி, தஞ்சாவூர்ச் சீமை' என்று வரும். அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்தில் பிறந்த எவரும் இந்தப் பெயரைப் படித்தவுடன் ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். இருநூறு ஆண்டுகளாக அச்சிலும் அருங்காட்சியகப் பட்டியல்களிலும் உடன் வரும் இந்தப் பெயரை, அதை வரைந்த ஓவியரின் வாழ்க்கையோடு சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிழையைச் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. அந்த மனிதர் எப்படி இங்கு வந்து சேர்ந்தார், எப்படிப் பார்த்தார், பார்த்ததைத் தாளில் ஏற்ற என்ன பாடுபட்டார் என்பதெல்லாம் தெரிந்தால்தான், இவ்வளவு கவனமான ஒருவர் கையிலிருந்து இப்படியொரு பிழை எப்படி நழுவியது என்பதும் விளங்கும்.

தாமஸ் டேனியல் 1749இல் இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிங்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை விடுதி நடத்தியவர். செல்வாக்கோ சொத்தோ இல்லாத வீட்டுப் பிள்ளையாதலால், குதிரை வண்டிகளுக்கு வண்ணம் பூசும் தொழிலில் பயிற்சிக்கு விடப்பட்டார். அக்காலத்துப் பெருமக்களின் வண்டிக் கதவுகளில் குடும்பச் சின்னங்களையும் பூக்கொத்துகளையும் எழுதுவது நுணுக்கமான கைவேலை. நம் பக்கத்துத் தேர்களுக்கும் சப்பரங்களுக்கும் வண்ணம் எழுதுகிறவர்களின் வேலையை அதற்கு ஒப்பிடலாம். அங்கே பழகிய கை பிற்காலத்தில் செப்புத் தகட்டின் மேல் அவருக்கு உதவியது என்றே நினைக்கிறேன். 1773இல் லண்டனின் ராயல் அகாடமி என்ற கலைக் கழகத்தின் பள்ளியில் சேர்ந்தார். ஆண்டுதோறும் கண்காட்சிக்குப் படங்களை அனுப்பினார். ஆனால் நிலக்காட்சி எழுதிப் பிழைக்க அங்கே வழி பிறக்கவில்லை. உருவப்படம் எழுதுகிறவர்களுக்குத்தான் பணம் வந்தது; மலையும் மரமும் எழுதுகிறவரைத் தேடி வருவோர் குறைவு.

முப்பத்தைந்து வயதில் அவர் எடுத்த முடிவுதான் அவரை நம் ஊர் வரை கொண்டுவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விண்ணப்பித்து, செதுக்கு ஓவியர் என்ற முறையில் இந்தியாவுக்குச் செல்ல 1784இல் அனுமதி பெற்றார். தகப்பனை இழந்து தம் பொறுப்பில் வளர்ந்த உடன்பிறந்தாரின் மகன் வில்லியமையும் உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார். 1785 ஏப்ரலில் கப்பல் ஏறியபோது வில்லியமுக்குப் பதினைந்து பதினாறு வயதுதான். சீனக் கடற்கரை வழியாகச் சுற்றி, 1786இல் இருவரும் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

கல்கத்தாவில் முதல் வேலையாக அந்நகரத்தின் பன்னிரண்டு காட்சிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் நீடித்த அந்த வேலையைப் பற்றித் தாமஸ் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஓவியர், செதுக்குபவர், செப்பு வேலைக்காரர், அச்சடிப்பவர், அச்சகத்து எடுபிடி ஆகிய அத்தனை வேலைகளையும் தானே பார்க்க வேண்டியிருந்ததாக வருந்தியிருக்கிறார். தொழிலின் எல்லாப் படிகளையும் அவர் தம் கையால் கற்றது அந்த நெருக்கடியில்தான். அதன் பிறகு 1788 முதல் 1791 வரை வட இந்தியப் பயணம். கங்கை வழியாக மேலே சென்று, 1789இல் கார்வால் மலைநாட்டின் ஸ்ரீநகர் வரை ஏறித் திரும்பினார்கள். அவர்களுக்கு முன்பே இந்தியாவில் நிலக்காட்சி வரைந்து பெயர் பெற்றிருந்த வில்லியம் ஹாட்ஜஸின் படங்களைக் கையோடு கொண்டுபோய், அவர் வரைந்த இடங்களிலேயே நின்று அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவை கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகவில்லை என்று பல இடங்களில் குறைப்பட்டுக்கொண்டார்கள். இடத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு பிடிவாதம். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பிழையின் எடை இதனால்தான் கூடுகிறது.

தெற்கு நோக்கி

வடக்கில் வரைந்தவற்றைக் கொண்டு தீட்டிய ஓவியங்களைக் கல்கத்தாவில் குலுக்கல் சீட்டு முறையில் விற்று, அந்தப் பணத்தில் தெற்கே புறப்பட்டார்கள். 1792 மார்ச்சில் திப்பு சுல்தானுடன் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை கையெழுத்தாகி மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்திருந்தது. போரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த ஆங்கிலேயர்கள் அந்த மலைக்கோட்டைகளைப் படத்தில் பார்க்க ஆசைப்படுவார்கள் என்று தாமஸ் கணக்கிட்டார். அந்த ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பிய அவர்களோடு பல்லக்குகள், குதிரைகள், சுமைகூலிகள், சமையல்காரர் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் நடந்தார்கள். பெங்களூர், ஓசூர், சங்ககிரி, ஆத்தூர், திண்டுக்கல் என்று கோட்டைகளை வரைந்துகொண்டே வந்து மதுரையை அடைந்தார்கள். பெரும்பாலோர் அங்கிருந்து திரும்பியிருப்பார்கள். இவர்கள் மேலும் தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குள் நுழைந்தார்கள்.

அன்றைய திருநெல்வேலிச் சீமை எப்படியிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆற்காட்டு நவாபின் பெயரில் ஆட்சி. வரி வசூலில் கம்பெனியின் கை. ஊருக்கு ஊர் பாளையக்காரர்களின் அதிகாரம். வீரபாண்டிய கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சியில் பட்டத்துக்கு வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. அத்தனை கொந்தளிப்புக்கு நடுவே இரண்டு ஓவியர்கள் வரைதாளும் இருட்டுப்பெட்டியுமாக ஆற்றோரப் பாதையில் மலையை நோக்கிப் போயிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஒரு பக்கத்து வில்லை வழியாக வரும் வெளிச்சம் எதிரில் உள்ள காட்சியை உள்ளே ஒரு பரப்பில் விழச் செய்ய, அதன் மேல் தாளை வைத்து விளிம்புகளைத் தொட்டுக் கோடிழுக்க உதவும் கருவியே இருட்டுப்பெட்டி. மலைமுகட்டின் வளைவு, பாறைகளின் அளவுப் பொருத்தம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைக் கண்ணளவில் விட்டுவிடாமல் காப்பாற்றியது அதுதான். வண்ணமும் நிழலும் பிறகு வந்து சேரும்.

நம் சீமையிலிருந்து அந்த இருபத்து நான்கு படங்களின் வரிசையில் இடம் பெற்றவை மூன்று. ஒன்று, களக்காட்டுக்கு அருகிலிருந்து எடுத்த கன்னியாகுமரி. அடுத்தது பாபநாசம் அருவி. மூன்றாவது, அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்துக் குற்றால அருவி. களக்காட்டிலிருந்து கன்னியாகுமரி சுமார் ஐம்பது கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அங்கே நின்றால் கண்ணை நிறைப்பது மேற்கு மலைத்தொடர்தான். கடல்முனையின் பெயரைத் தாங்கிய அந்தப் படத்தை நான் களக்காட்டு மலையின் படமாகவே வைத்துப் பார்க்கிறேன். ஆனாலும் இந்தத் தலைப்பில் குற்றமில்லை, ஏனென்றால் எங்கிருந்து பார்த்தோம் என்பதை அவர்கள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள்.

குற்றாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேரருவி நேராக விழுவதில்லை. பாதியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து, கொந்தளித்து, அங்கிருந்து பரந்து கீழே இறங்குகிறது. சாரல் காலத்தில் நிற்கும் எவருக்கும் இந்த இரண்டு தாவல் தெரியும். ஓர் அருவியை வரைகிறவருக்கு அதைவிடக் கடினமான பாடம் இல்லை. நடராசரின் ஐந்து சபைகளில் ஓவியத்துக்கென்று அமைந்த சித்திர சபை, சுவரெங்கும் எழுதிய ஓவியங்களோடு அந்த அருவிக்கு நடைதூரத்தில் நிற்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். எழுதிய சுவரும் விழும் நீரும் அத்தனை அருகில் இருக்கும் ஊர் அது.

பிழையை ஆராய்தல்

இப்போது பாபநாசத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பாபநாசம் இரண்டு. ஒன்று நம்முடையது. மற்றொன்று கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையில், நூற்றெட்டு சிவாலயம் உள்ள ஊர். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவனின் பெயரில் ஒட்டியிருப்பது அந்த ஊர்தான். இரண்டுக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். அந்தப் பாபநாசம் காவிரியின் கிளைகள் பாயும் சமவெளி. வாய்க்காலும் வயலும் வாழையுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான பூமி. அருவி விழ அங்கே ஒரு குன்றுகூடக் கிடையாது. எனவே படத்தில் பாறைகளுக்கு நடுவே மலையிலிருந்து நீர் விழுவதே, அது தஞ்சாவூர்ச் சீமை ஆகாது என்பதற்கு முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சி பயணத்தின் வழி. மதுரையிலிருந்து தெற்கே வந்தவர்கள் குற்றாலத்தையும் களக்காட்டையும் வரைந்திருக்கிறார்கள். மலையடிவாரத்தை ஒட்டிய பாதையில் இந்த இரண்டுக்கும் நடுவே அமைந்த ஊர் பாபநாசம். மூன்று படங்களும் ஒரே வரிசையில் வந்திருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

மூன்றாவது சாட்சி அன்றைய ஆட்சி எல்லை. தஞ்சாவூர் அப்போது மராத்திய மன்னரின் தனி அரசு. அதன் எல்லை ஒருகாலும் பொதிகையின் அடிவாரத்தைத் தொட்டதில்லை. ஆகவே, பழைய அரசியல் எல்லையைக் கருதி அப்படி எழுதியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. அதே வரிசையில் குற்றாலத்தைத் திருநெல்வேலி மாவட்டம் என்று சரியாகக் குறித்திருக்கிறார்கள். குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர்கூட முழுதாக இராது.

அப்படியானால் பிழை எங்கே நுழைந்தது? இடத்திலேயே நுழைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவர்கள் தஞ்சாவூருக்கே போயிருக்கிறார்கள். பெரிய கோயிலை வரைந்து 1798இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். அந்தச் சமவெளியையும் இந்த மலையையும் கண்ணால் பார்த்து, கால் வலிக்க நடந்தவர்கள் குழம்பியிருக்க மாட்டார்கள். வரைந்தது 1792இல்; படமாக அச்சேறியது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கும் மேலோ கழித்து, லண்டனில். அந்த இடைவெளியில்தான் பிழை நுழைந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கும்போது, தூரத்து நகரம் ஒன்றில் உட்கார்ந்து தலைப்பு எழுதுகிறவருக்குத் தஞ்சாவூர் என்ற பெயரே பழக்கமான பெயராகக் கைக்கு வந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் மேலே சொன்ன மூன்று சாட்சிகளும் ஊகமல்ல.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்கள் செய்த வேலையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். தென்னாட்டிலிருந்து சென்னை திரும்பி, பின்பு பம்பாய் சென்று குகைக் கோயில்களையும் வரைந்துவிட்டு, 1794இல் இங்கிலாந்து சேர்ந்தார்கள். 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பொதுப் பெயரில் ஆறு தொகுதிகளாக 144 படங்களை வெளியிட்டார்கள். முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். படங்கள் அக்வாடின்ட் முறையில் ஆனவை. மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் நுண்ணிய குங்கிலியத் தூளைப் படியவிட்டு, அடியில் சூடு காட்டினால், தூள் உருகிப் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலம் ஊற்ற வேண்டும். பொட்டுகளுக்கு இடையே உள்ள செம்பை மட்டும் அமிலம் அரித்து, மை தங்கும்படி சொரசொரப்பாக்கும். வெளுப்பாக இருக்க வேண்டிய இடத்தை முதலிலேயே மெழுகுப் பூச்சால் மூடிவிட வேண்டும். சற்றுச் சாம்பல் நிறமாக வேண்டிய இடத்தைச் சில நிமிடம் அரிக்கவிட்டு மூட வேண்டும். கரும்பாறைக்கு மீண்டும் மீண்டும் அமிலம் காட்ட வேண்டும். அச்சான பின் தாளின் மேல் நீர்வண்ணத்தைக் கையால் தீட்டி முடிப்பார்கள்.

இந்த முறையில் அருவியை எழுதுவது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விழும் நீரின் வெண்மை, தாளின் வெண்மையே. அதை எழுத முடியாது, காப்பாற்றத்தான் முடியும். சுற்றியுள்ள பாறையை ஒவ்வொரு படியாகக் கருக்கக் கருக்க, நடுவில் தொடாமல் விட்ட இடம் நீராகிறது. ஒரு நொடி அதிகமாக அமிலம் நின்றால் சாரல் கெட்டுவிடும். வில்லியம் இந்த வேலையில் தேர்ச்சி பெறும் வரை பல ஆண்டுகள் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை உழைத்ததாகச் சக ஓவியர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். தாமிரபரணியின் ஒரு கணத்தை லண்டனில் ஓர் அறையில் செம்பில் நிறுத்தப் பட்ட பாடு அது. அந்த உழைப்புக்கு என் வணக்கம் எப்போதும் உண்டு. கை அவ்வளவு கவனமாக இருந்த இடத்தில் தலைப்பு மட்டும் கவனம் தவறிப்போனது என்பதாலேயே எனக்கு ஆற்றாமை அதிகம்.

பெயர்தானே, என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. தாமிரபரணி ஒரே சீமையில் பிறந்து அதே சீமையில் கடல் சேரும் ஆறு. பொதிகையில் தோன்றி, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் முடிகிறது. இதன் நீர் வேறெந்தச் சீமைக்கும் சொந்தமாக இருந்ததில்லை. அந்த ஆற்றின் மிகப் பழைய அச்சுப் படங்களில் ஒன்றை ஒரு மாணவர் தேட முயன்றால், திருநெல்வேலி என்று தேடினால் குற்றாலம்தான் கிடைக்கும். பாபநாசத்தை அவர் காணாமலே போய்விடக்கூடும். பட்டியல்களில் விவரம் அறிந்தவர்கள் திருத்தக் குறிப்பு சேர்த்திருக்கிறார்கள் என்றாலும், படத்தைப் பிரதி எடுத்து விற்கும் இடங்களில் பழைய தலைப்பே தொடர்கிறது.

ஒரு காரணம் இதைவிட முக்கியமானது. அந்தப் படம் காட்டும் நீர்ப்போக்கு இன்று அப்படியே இல்லை. 1940களில் காரையாற்றில் அணையும் பாபநாசத்தில் மின் நிலையமும் வந்த பிறகு, மலையிலிருந்து எப்போது எவ்வளவு நீர் இறங்கும் என்பது பெரும்பாலும் மனிதர் தீர்மானிப்பதாகிவிட்டது. பருவ காலத்தில் அணையின் அடிக்கணக்கை நாளிதழில் பார்த்துவிட்டுத்தான் நாம் ஆற்றைப் பற்றிப் பேசுகிறோம். களக்காட்டையும் பாபநாசத்து மேல்மலையையும் உள்ளடக்கிய காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக இருக்கிறது. ஆக, அணைக்கும் ஆலைக்கும் முன்பு இந்த ஆறு தன் போக்கில் இறங்கியதை நமக்குக் காட்டும் சாட்சி, வேறு சீமையின் பெயரில் பதிவாகிக் கிடக்கிறது.

சீனரி

நம் பக்கத்தில் நிலக்காட்சி ஓவியத்துக்கு மக்கள் வாயில் வழங்கும் பெயர் 'சீனரி'. டேனியல்களின் தொகுப்புக்கும் அதே சொல்தான் பெயர். நாடகக் கம்பெனிகளின் திரைச்சீலை வழியாகவும் காலண்டர் வழியாகவும் சீனரி இங்கே ஊன்றியது. நாடகத் திரை எழுதி வந்து கோவில்பட்டியில் தங்கிய கொண்டைய ராஜு (1898–1976) தம் தெய்வப் படங்களால் புகழ் பெற்றார். அவரும் அவருடைய மாணவர்களும் எழுதி, சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் தொங்கிய காலண்டர்களில் தெய்வத்தின் முதுகுக்குப் பின்னால் மலையும் நீரும் இருந்தன. ஆனால் அந்த மலைக்கு ஊர் கிடையாது. எந்த மலை என்று யாரும் கேட்டதுமில்லை.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் எழுதிய சீனரியும் அப்படித்தான். இரண்டு முக்கோண மலை, நடுவே உதிக்கும் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் தென்னையும் குடிசையும். அம்பாசமுத்திரம் பக்கத்தில் படித்த எங்களுக்கு மலை மேற்கே இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பியிருக்கிறோம். ஆனாலும் நோட்டில் அதே மலையிலிருந்து சூரியனை உதிக்கவைத்து, கீழே 'காலைக் காட்சி' என்று எழுதினோம். ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. டேனியல்களின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த நோட்டுத்தான். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவர் நின்று, பெட்டியை வைத்து, முகட்டின் கோட்டை இருந்தபடியே இழுத்திருக்கிறார். நாங்கள் அதன் அடியிலேயே இருந்துகொண்டு முக்கோணம் போட்டிருக்கிறோம்.

தாமஸ் டேனியலின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1799இல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார். வில்லியம் 1822இல் ஆனார். இங்கிலாந்தில் சீசின்கோட் என்ற மாளிகையின் தோட்டத்துக்குத் தாமஸ் இந்திய பாணியில் பாலமும் சிறு கோயிலும் வடிவமைத்துக் கொடுத்தார். வில்லியம் பிரிட்டன் தீவின் கடற்கரையைச் சுற்றிவந்து வரைந்து இன்னொரு பெரிய தொகுப்பை வெளியிட்டார். தாமஸ் மணம் செய்துகொள்ளவில்லை. இந்தியாவுக்குத் திரும்பவும் இல்லை. தம் கையில் வளர்ந்த வில்லியம் 1837இல் இறந்ததைப் பார்த்துவிட்டு, 1840 மார்ச்சில் தொண்ணூறு வயதில் காலமானார். இந்தியாவில் கழித்த ஏழெட்டு ஆண்டுகளில் வரைந்து சேர்த்தவற்றிலிருந்தே வாழ்நாள் முழுவதும் படங்களை எழுதிக்கொண்டிருந்தார். அவர்களின் எண்ணெய் வண்ண ஓவியங்களில் பெருந்தொகுதி கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் இருக்கிறது.

சென்ற ஆடியில் அந்த அருவிப் படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு பாபநாசம் போனேன். கோயில் முன் படித்துறையில் கூட்டம். ஆற்றில் தண்ணீர் அளவாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மேல அருவில்லா? அணை கட்டுதக்கு முன்னால எங்க அப்பா காலத்துல இப்படித்தான் விழுமாம்" என்றார்கள். நான் தலைப்பைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, பிரதியின் அடியில் இருந்த தஞ்சாவூரைப் பென்சிலால் அடித்துவிட்டு, 'திருநெல்வேலிச் சீமை, 1792' என்று எழுதிச் சுவரில் மாட்டினேன்.